இருநூற்றுப் பன்னிரண்டாவது பச்சை

ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு டிக் போட்டேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அந்த டிக்கைப் பற்றி எங்கள் நிறுவனம் பதினொரு கூட்டம் போட்டது, மூன்று சுற்றறிக்கை விட்டது, ஓர் ஆணையம் அமைத்தது, ஆணையத்துக்கு நாற்காலி போதவில்லை என்று தெரிந்ததும் நாற்காலிக்காக ஒரு துணை ஆணையமும் அமைத்தது. கடைசியில் என்னை விசாரணை மேசைக்கு முன்னால் நிறுத்தியதும் அதே டிக்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் பெயர் எலாதியோ பரெய்ரோ. எங்கள் தலைநகர் அசுன்சியோனில், மழைவெள்ள எச்சரிக்கை நிறுவனத்தில், கணினி அறைப் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்றால் வேலை ஒழுங்காக நடக்கும்போது யாருக்கும் முகம் தெரியாதவன், நடக்காதபோது எல்லாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன்.

எங்கள் அறையில் ஆறே ஆறு இரும்புக் கணினிகள்தான். ஆனால் அவற்றுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடின. மெய்நிகர் கணினிக்கு உடம்பு கிடையாது, எல்லாமே மென்பொருள். அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை ஓர் இரும்பிலிருந்து இன்னோர் இரும்புக்கு மாற்றிவிடலாம். தூங்குகிறவனைக் கட்டிலோடு தூக்கி அடுத்த வீட்டில் வைப்பது மாதிரி. அவன் புரண்டுகூடப் படுக்க மாட்டான்.

இருநூற்றுப் பதினொன்றை அப்படித் தூக்கலாம். ஒன்றை முடியாது. அதன் பெயர் ஓடை-7. அதற்கு மட்டும் நிஜமான ஒரு பொருள் சொந்தமாக இருந்தது, ஒரு வானொலி அட்டை. மூன்றாவது இரும்பின் முதுகில் செருகி, கூரை ஆன்டெனாவிலிருந்து இறங்கும் கறுப்புக் கம்பியை அதில் திருகியிருந்தோம். மொரொத்தி ஓடையில் தண்ணீர் ஏறினால் பாலத்தடி அளவுமானி வானொலியில் சொல்லும். அட்டை அதைக் கேட்கும். ஓடை-7 உடனே பாலத்தடிச் சைரனை அலறவிடும். நடுவில் எந்த மென்பொருளும் தலையிடாதபடி அட்டையை நேராக ஓடை-7இன் கையிலேயே கொடுத்திருந்தேன். ஓடை-7ஐ வேறு இரும்புக்குத் தூக்கினால் அட்டை கூடவே போகாது. அதனால்தான் அட்டையின் பெயருக்கு எதிரே 'இடம்பெயர்க்க இயலாதது' என்ற கட்டத்தில் டிக். இந்தத் தொழிலில் இருக்கிற எவனும் செய்கிற வேலை. டிக் இருக்கும்வரை மென்பொருளே நகர்த்த மறுத்துவிடும்.

சைரனிலிருந்து பத்தடி தூரத்தில் என் மனைவி லிதுவினா சிப்பா விற்கிறாள். மரவள்ளி மாவும் பாலாடைக்கட்டியும் பிசைந்து சுட்ட ரொட்டி. அவள் கூடையைத் தேடி மூன்று பேட்டை தாண்டி வருவார்கள். ஆனால் அந்த இடம் பள்ளம். மேலே எங்கேயோ மழை கொட்டினால் இங்கே தெரு ஆறாகிவிடும், ரௌதால் என்போம். கார் போகும், மாடு போகும், ஒரு தடவை சவப்பெட்டிக் கடையின் சரக்கு வரிசையாகப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சைரன் வருவதற்கு முன் லிதுவினா இரண்டு முறை மின்கம்பத்தைக் கட்டிக்கொண்டு உயிர் தப்பியவள். சைரன் வந்த ஆறு வருஷத்தில் அது முப்பத்தோரு முறை அலறியது. முப்பத்தோரு முறையும் அவள் கூடையோடு மேட்டிலிருக்கும் மருந்துக்கடைப் படிக்குப் போய்விட்டாள். முப்பத்தோரு முறையும் பத்து நிமிடத்தில் தண்ணீர் வந்தது.

"நீ வானத்தப் பாக்காத, தண்ணியப் பாக்காத, உன் வியாபாரத்தப் பாரு. சைரன் அடிச்சா எந்திரி, போதும்" என்று அவளிடம் சொன்னவன் நான்தான்.

இப்படி எல்லாம் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் மார்ச் மாதம் தொக்தோரா பெர்லா சாராத்தே எங்கள் நிறுவனத்தின் தலைமை இயக்குநராக வந்து சேர்ந்தார். தொக்தோரா என்றதும் மருத்துவர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் நாட்டில் சட்டம் படித்தவரும் டாக்டர்தான், மருந்து மட்டும் தரமாட்டார். அவர் வந்த அன்றே அறிவித்தார். லுக்கே ஊருக்குப் போகும் வழியில், பதினான்கு கிலோமீட்டருக்கு அப்பால், 'தேசத்தின் மேகம்' என்ற புதுக் கட்டடம் எழும்புகிறது. ஆகஸ்ட் பதினாலாம் தேதிக்குள் எல்லா மெய்நிகர் கணினிகளும் அங்கே போய்விட வேண்டும். வரவேற்பறைச் சுவரில் ஒரு பெரிய திரை மாட்டினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு விளக்குகள். நகரக்கூடியது பச்சை, நகராதது சிவப்பு.

ஒன்றுதான் சிவப்பு. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைத்தான் பார்த்தான். எல்லாரையும் கூட்டத்துக்கு அழைத்தார் தொக்தோரா.

"இங்க யாரோ ஒருத்தர் 'இயலாது'ன்னு எழுதியிருக்காரு" என்று ஆரம்பித்தார். "நான் நாலு அமைச்சகத்துல இருந்தவ. ஒவ்வொரு தடவையும் ஆட்சி கவுர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடியே என்னை நானே பத்திரமா நகர்த்திக்கிட்டேன். எங்கயும் ஒரு வேலையக்கூட முடிச்சு வெச்சுட்டு வந்ததில்ல. என்னையே இத்தனை தடவை நகர்த்த முடிஞ்ச நாட்டுல, ஒரு அட்டைய நகர்த்த முடியாதா?"

பலமாகக் கைதட்டினார்கள். நான் எழுந்து, "தொக்தோரா, அட்டைய நகர்த்தலாம். கூரையையும் ஆன்டெனாவையும் சேர்த்து நகர்த்தணும்" என்றேன்.

"பரெய்ரோ, நீங்க பிரச்சினையச் சொல்றீங்க. இது தீர்வுக்கான கூட்டம். பிரச்சினைக்கு வியாழக்கிழமை தனிக் கூட்டம் இருக்கு."

வியாழக்கிழமைக் கூட்டம், தீர்வு கிடைத்துவிட்டதால் ரத்து என்று அறிவிப்பு வந்தது. தீர்வு என்னவென்றால் படிவம் எண் 88, 'இயலாமை அறிக்கை'. அதில் பொருளின் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி, நகர மறுப்பதற்கான காரணம் எல்லாம் எழுத வேண்டும். காரணத்துக்கு மூன்று கட்டம் இருந்தது: உடல்நிலை, குடும்பம், அரசியல். கம்பி திருகியிருப்பது உடம்பு சம்பந்தப்பட்டதுதானே என்று உடல்நிலையில் டிக் போட்டேன். மருத்துவச் சான்றிதழ் இணைக்கவில்லை என்று திரும்பி வந்தது. குடும்பம் என்று மாற்றினேன். சொத்துப் பதிவேட்டில் இந்த எண்ணில் இருப்பது அட்டை அல்ல, 'மேசை விசிறி, ஒன்று' என்று திரும்பி வந்தது. கீழே பென்சிலில் ஒரு குறிப்பு வேறு: மேசை விசிறி நகரக்கூடியதே.

அட கஷ்டகாலமே என்று தலையில் கை வைத்துக்கொண்டிருக்கும்போது ஆணையம் நேரில் பார்க்க வந்தது. ஐந்து பேர், ஒரு புகைப்படக்காரர். மூன்றாவது இரும்பின் பின்னால் ஒவ்வொருவராகக் குனிந்து அட்டையைப் பார்த்தார்கள். துக்க வீட்டில் முகம் பார்ப்பது போல இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

"இந்தக் கம்பி எவ்ளோ நீளம்?" என்று தலைவர் கேட்டார்.

"இருபது மீட்டர்."

"புதுக் கட்டடம் பதினாலு கிலோமீட்டர். கொஞ்சம் இழுத்துப் பிடிச்சா வராது?"

வராது என்றேன். எதிர்மறை மனப்பான்மை என்று குறித்துக்கொண்டார்.

சிக்கலை அவிழ்த்தவர் எங்கள் சட்ட ஆலோசகர் டாக்டர் ரெக்கால்தே. அவருக்குக் கணினியும் தெரியாது, ஓடையும் தெரியாது. ஆனால் இந்த நாடு எதில் ஓடுகிறது என்று தெரியும். "நோட்டரி முத்திரை போட்ட நகல் அசலுக்குச் சமம்" என்றார். "பிறந்ததுக்கு நகல் போதும், கல்யாணத்துக்கு நகல் போதும், செத்ததுக்கும் நகல் போதும். ஒரு அட்டைக்கு மட்டும் பத்தாதா? சான்று பெற்ற நகல் அங்க போயிட்டா, சட்டப்படி அட்டையே அங்க போயாச்சு."

நான் சிரித்துவிட்டேன். அறையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

நகல் எடுக்க அட்டையைக் கழற்ற வேண்டும். கழற்றினால், திரும்பச் செருகும்வரைக்கும் சைரன் செத்த மாதிரி. இருபத்திரண்டு நிமிட வேலைக்கு லிதுவினாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டுத்தான் திருகாணியில் கை வைத்தேன். அவள் தொலைபேசியில் விளாசித் தள்ளினாள்.

"உன் அட்டைக்குப் படம் புடிக்கறதுக்கு நான் கடைய மூடணுமா? எங்கல்யாணத்துக்கே ரெண்டு படம்தான் புடிச்சாங்க, அதுலயும் ஒண்ணுல எந்தலையே இல்ல!"

"இருபது நிமிசம்டி. சைரன் இல்லாம அங்க உக்காராத."

"சரி சரி, உன் சைரன்தான் எனக்கு ரெண்டாம் புருசன்."

நோட்டரி அம்மாள் அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு மூன்றையும் நகலெடுத்து, ஒவ்வொன்றிலும் முத்திரை குத்தி, 'அசலோடு ஒப்பிட்டேன், மெய்' என்று கையெழுத்துப் போட்டார். நான் அட்டையைத் திரும்பச் செருகி, கம்பியைத் திருகி, அளவுமானியின் குரல் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு, லிதுவினாவை மறுபடி பாலத்தடிக்குப் போகச் சொன்னேன்.

இந்தக் கூத்தையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அனஸ்தாசியோ சமூதியோ. எனக்கு நேர் மேலதிகாரி. அதைவிட முக்கியம், என் மகளின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் என் குழந்தையைக் கையில் ஏந்தியவன். அன்றிலிருந்து எனக்கு அவன் கொம்பாத்ரே, அவனுக்கு நான் கொம்பாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், கொம்பாத்ரேயோடு கூடாது. பதினொரு வருஷமாக அலுவலக முற்றத்து மாமரத்தடியில் தினமும் தெரெரே குடிக்கிறோம், குளிர்ந்த தண்ணீரில் ஊறும் ஒரு பச்சிலைத் தேநீர். அவன்தான் கொம்புக் கோப்பையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவான். ஒரே குழலில் வாய் வைத்து வரிசையாக உறிஞ்சுவோம்.

ஜூலைக் கடைசியில் அந்த மரத்தடியில் கேட்டுவிட்டேன். "கொம்பாத்ரே, நேராச் சொல்லு. ஓடை-7ஐத் தொடுவாங்களா?"

அவன் கோப்பையை என்னிடம் நீட்டினான். "நான் உசுரோட இருக்கறவரைக்கும் ஒரு பய அந்த மெஷின் மேல கை வெக்க மாட்டான். நகலத் தூக்கிக்கிட்டுப் போயி அவங்க இஷ்டத்துக்கு விழா கொண்டாடட்டும். ஓடை-7 இங்கயேதான் இருக்கும். உன் சிவப்பு விளக்க நான் பாத்துக்கறேன்."

"அங்க லிதுவினா உக்காந்திருக்கா."

"எனக்குத் தெரியாதா? என் கொமாத்ரேப்பா அவ. அவ சுடற சிப்பால பாதி என் வயித்துலதான போகுது."

நான் எழுதி வாங்கவில்லை. வேறு ஊரிலிருந்து வந்தவன் கேட்டால் என்னை முட்டாள் என்பான். ஆனால் எங்களில் எவனும் கேட்டிருக்க மாட்டான். ஒரே குழலில் வாய் வைத்துக் குடிக்கிறவனிடம், அதுவும் குழந்தையைக் கையில் ஏந்தியவனிடம், 'இதைக் கொஞ்சம் காகிதத்தில் எழுதி முத்திரை போட்டுத் தா' என்று சொல்வது அவன் மூஞ்சியில் துப்புவதற்குச் சமம். தெரெரே வட்டத்தில் சொன்னது சொன்னதுதான். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம்.

ஆகஸ்ட் பதினாலு. மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள், ஊருக்கும் அன்றுதான் பிறந்தநாள். சிப்பாவுக்குக் கிராக்கி. லிதுவினா வழக்கத்தைவிட இரண்டு கூடை அதிகமாகச் சுட்டு எடுத்துக்கொண்டு போனாள். நான் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போனேன். எனக்கும் ஒரு பாராட்டுப் பத்திரம் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

தகரக் கூரை போட்ட பந்தல். போல்கா வாத்தியக் கோஷ்டி. மேடையில் அந்தப் பெரிய திரை, நீலத்துணி போர்த்தி. பத்தே முக்காலுக்குத் தூறல் விழுந்தது. ஆகஸ்டில் மழை கிடையாது என்று தொக்தோரா ஏற்கெனவே சுற்றறிக்கையில் சொல்லியிருந்ததால் யாரும் மேலே பார்க்கவில்லை. துணியை இழுத்தார்கள்.

எல்லாம் பச்சை.

நான் எண்ணினேன். எண்ண வேண்டியதே இல்லை, சிவப்பு எங்கே இருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே, கடைசி வரிசையில் கடைசி. அங்கேயும் பச்சை. ஓடை-7, தேசத்தின் மேகம், நலமாக ஓடுகிறது.

வரிசை தாண்டி அனஸ்தாசியோவிடம் போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"யாரு பண்ணது?"

"மெதுவாப் பேசு. கேமரா ஓடுது."

"யாருடா பண்ணது?"

"நான்தான், கொம்பாத்ரே. நேத்து சாயங்காலம். ஒரு விளக்கு சிவப்பா இருந்தா உன் சீட்டக் கிழிச்சிருவேன்னு அந்தம்மா சொன்னாங்க. என்னதையும் சேத்து. டிக்க எடுத்தேன். அப்பவும் நகர மாட்டேன்னுச்சு. 'அட்டையை நீக்கிவிடலாமா?'ன்னு அதுவே கேட்டுச்சு. ஆமான்னேன். உடனே சமத்தா நகந்துடுச்சு. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"அட்டை?"

அவன் மேடைக்குப் பின்னால் கண்ணாடி வழியே தெரிந்த இரும்பு அலமாரியைக் காட்டினான். பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு, மூன்று பக்கமும் முத்திரையோடு, நகலைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

ஓடை-7 நலமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, சந்தேகமே இல்லை. காதை அறுத்துவிட்டாலும் ஆள் நன்றாகத்தான் இருப்பான். அளவுமானி அங்கே கத்தும், பழைய கூரை ஆன்டெனா வாங்கும், கம்பி இறங்கும், அட்டையும் கேட்கும். அட்டை யாரிடம் சொல்லும்? சைரனைக் கையால் அடிக்க ஒரு பொத்தான் வேண்டும் என்று நான் எழுதிய கடிதம் நாலு வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது.

தகரக் கூரையில் மழை பறை அடிக்க ஆரம்பித்தது. தொக்தோரா ஒலிவாங்கியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு கத்தினார்: "இன்னைக்கு ஒரு மெஷினும் பின்தங்கல! இதுல என்ன இருந்துச்சு, என்ன செஞ்சுதுன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்க ஆசைப்பட்டதும் இல்ல. அதனாலதான் இவ்ளோ சீக்கிரம் முடிச்சேன்!"

நான் வெளியே ஓடி லிதுவினாவைக் கூப்பிட்டேன். நாலாவது முறை எடுத்தாள்.

"எந்திரி! கூடைய விடு, மருந்துக்கடைக்கு ஓடு!"

"என்னாச்சு உனக்கு? இப்பத்தான் யாவாரமே சூடு புடிச்சிருக்கு. குடைக்குள்ள பத்துப் பேரு நிக்கறாங்க."

"தண்ணி ஏறுதா?"

"கணுக்கால் வரைக்கும் வந்துச்சு. வந்தா என்ன? சைரன் அடிக்கலையே. இவங்க பயந்தாங்க, நான்தான் சொன்னேன், எம்புருசன் வெச்ச சைரன், அடிக்காம தண்ணி வராதுன்னு."

"அடிக்காது லிதுவினா! சைரன் செத்துப்போச்சு! ஓடு!"

"என்னது? மழையில ஒண்ணும் கேக்கல. சத்தமாப் பேசு."

"ஓடுடி!"

"ஓடையா? ஓடை நெறையத்தான் போவுது, அதான் சொல்றேனே..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் வீறிடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

பதினான்கு கிலோமீட்டரை எப்படிக் கடந்தேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாதி தூரம் ஒரு பால் வண்டி, மீதி ஓட்டம். அவளைத் தண்ணீர் இரண்டு தெரு தள்ளிக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட இரும்புக் கதவில் அடித்து நிறுத்தியிருந்தது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கதவுக் கம்பியை அவள் பிடித்திருந்த பிடியை இரண்டு பேர் சேர்ந்துதான் விடுவித்தார்கள். குடைக்குள் நின்ற பத்துப் பேரும் பிழைத்துக்கொண்டார்கள், ஒருவருக்குத் தோள்பட்டை, ஒருவருக்கு விலா. ஒரு பயல்கூடச் சாகவில்லை என்று அனஸ்தாசியோ சிலுவைக்குறி போட்டுக்கொண்டானாம்.

விசாரணை ஐந்தே நாளில் ஆரம்பித்தது. எங்கள் நிறுவனம் இவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் ரெக்கால்தே, இந்தப் பக்கம் நான், ஓரத்தில் சாட்சியாக அனஸ்தாசியோ. மேசை நடுவில் ஒரு தாள். என் டிக்கின் நகல், நோட்டரி முத்திரையோடு.

"இந்த டிக்கப் போட்டது நீங்கதானே?"

"ஆமா."

"அப்ப அத நகர்த்தினா ஆபத்துன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சதாலதான் போட்டேன்."

"குறிச்சுக்கோங்க, ஒத்துக்கிட்டாரு" என்று சுருக்கெழுத்துப் பெண்ணிடம் சொன்னார் ரெக்கால்தே. "பரெய்ரோ, இந்த நிறுவனத்துல முன்னூத்து நாப்பது பேரு. இதுல ஆபத்துன்னு எழுத்துல தெரிஞ்சிருந்த ஒரே ஆளு நீங்க. தொக்தோராவுக்குத் தெரியாது. ஆணையத்துக்குத் தெரியாது. எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாதவங்க மேல எப்படிங்க தப்புச் சொல்றது? தெரிஞ்சவருதான தடுத்திருக்கணும்?"

"படிவம் 88 ரெண்டு தடவ குடுத்தேன்."

"ஏத்துக்காத படிவம் குடுக்காத படிவம். அதுலயும் நீங்க எழுதியிருக்கறது ஒரு மேசை விசிறியப் பத்தி."

நான் அனஸ்தாசியோவைக் காட்டினேன். "இவன்கிட்ட வாயால சொன்னேன். தொட மாட்டேன்னு வாக்குக் குடுத்தான்."

ரெக்கால்தே திரும்பினார். "சமூதியோ?"

அனஸ்தாசியோ தன் காலணியைப் பார்த்தான். "அப்படி ஏதும் எனக்கு ஞாபகம் இல்லீங்க, டாக்டர். மரத்தடியில நாங்க பந்து விளையாட்டப் பத்தித்தான் பேசுவோம். எழுத்துல எனக்கு ஒண்ணும் வரல."

பதினொரு வருஷம்! அவன் எச்சில் என் வாயிலும் என் எச்சில் அவன் வாயிலும் போய்ப் போய் இரண்டு பேர் பல்லும் ஒரே மாதிரி மஞ்சளாகியிருந்தது. என் குழந்தை அவன் கையில்தான் தலை நனைந்தது. என் கண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தாலாவது மனுஷன் என்று நினைத்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது, கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டுமே.

பணிநீக்கம், கூடவே குற்ற வழக்கு என்று எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். தொக்தோரா கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

மறுநாள் மத்தியானம் மருத்துவமனைக்கு அனஸ்தாசியோ வந்தான். லிதுவினாவின் காலில் கம்பி வைத்து, கட்டிலுக்கு மேலே கயிறு கட்டித் தூக்கியிருந்தது. அவன் ஒரு பை ஆரஞ்சை அவள் தலைமாட்டில் வைத்து, நெற்றியில் முத்தமிட்டான். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"கொம்பாத்ரே, ராத்திரி பூரா அந்தம்மா கால்ல விழாத குறையாக் கெஞ்சி ஒரு வழி வாங்கியாந்திருக்கேன்" என்றான். "திரையில எல்லாமே பச்சை. ஓடை-7 அன்னைக்குப் பூரா ஓடியிருக்கு. ஓடியிருந்தா சைரன் அடிச்சிருக்கணும். அடிச்சிருந்தா விபத்துக்கு நிறுவனம் காரணமில்ல. நிறுவனம் காரணமில்லன்னா உன் மேல கேஸும் இல்ல. உன் வேலையும் நிக்கும். மத்த பத்துப் பேரும் எழுதிக் குடுத்துட்டாங்க, மழைச் சத்தத்துல சரியாத் தெரியலன்னு. கொமாத்ரே ஒருத்திதான் பாக்கி."

காகிதத்தை வாங்கிப் படித்தேன். சைரன் முறைப்படி ஒலித்தது என்றும், வியாபார மும்முரத்தில் தான் கவனிக்கத் தவறியதாகவும், கீழே கையெழுத்திடுபவர் சுயநினைவோடு அறிக்கையிடுகிறார். சைரன் ஒலித்தது என்று ஆகிவிட்டால் அட்டையை ஓடை-7இடம் திரும்பக் கொடுக்கச் சொல்லி இனி யாரும் கேட்க முடியாது. பாலத்தடியில் அன்றைக்கும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். லிதுவினா இருந்த இடத்தில் ஒருத்தி கறி அடைத்த எம்பனாடா பொரிக்க ஆரம்பித்துவிட்டாளாம்.

"நல்லா யோசி" என்று அனஸ்தாசியோ சொன்னான். "கால் சரியாகற வரைக்கும் வீட்டுல ஒரு ஆளாவது வேலைக்குப் போகணும்ல. பொண்ணு படிக்கிறா. எனக்கு அவ மேல அக்கறை இல்லாமலா இவ்ளோ தூரம் வந்தேன்?"

லிதுவினா காகிதத்தைப் பார்க்கவில்லை. அவனையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தண்ணி ஏர்றது தெரிஞ்சுது, எலாதியோ" என்றாள். "காலு சொல்லுச்சு, எந்திரின்னு. நான்தான் உக்காந்திருந்தேன். நீ சொல்லு. அது அடிச்சுதா, அடிக்கலையா? நீ அடிச்சுதுன்னா நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

அனஸ்தாசியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்துக் கட்டில்காரி வானொலியைச் சின்னதாக்கிவிட்டு எங்களைப் பார்த்தாள். லிதுவினா பதிலுக்குக் காத்திருந்தாள்.

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கையில் கொடுத்தேன்.